நாய் உறுமினால் அடிக்காதீர்கள்!

வீட்டு நாய் திருடனைப் பார்த்து உறுமினால் நமக்குச் சந்தோஷம். "பார், எங்கள் மணியின் வீரத்தை!" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்படுகிறோம்.

அதே மணி, வீட்டுக்காரரைப் பார்த்து உறுமினால்?

அவ்வளவுதான்! வீடே கூடிவிடுகிறது. "சோறு போட்ட கையையே கடிக்க வருகிறதே!" என்கிறார் பாட்டி. "நன்றி கெட்ட நாய்!" என்கிறார் அப்பா. மூலையில் இருந்த தடி கைக்கு வருகிறது. நாலு அடி விழுகிறது. நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கிறது.

"இனி உறுமாது, பாருங்கள்!" என்று சொல்லிவிட்டு, எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள்.

உண்மைதான். இனி அது உறுமாமல் இருக்கலாம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

உறுமியதற்காக நாயை அடிக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும். நாயின் மேல் இரக்கப்பட்டு மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் வீட்டுக் குழந்தைகளின் முகமும் கையும் காயம் படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறேன்.

நாயின் பேச்சு

நமக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால், "வேண்டாம்" என்று சொல்லுகிறோம். "போதும், விடு" என்கிறோம். நாய்க்கு அந்தச் சொற்கள் இல்லை. அது உறுமுகிறது.

உறுமல் என்பது கடியின் ஆரம்பம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கடிக்காமல் தப்பித்துக்கொள்ள நாய் செய்யும் முயற்சிதான் உறுமல். "தள்ளிப் போ. நீ போய்விட்டால் சண்டை இல்லை" என்பதே அதன் அர்த்தம்.

உறுமுவதற்கு முன்பே நாய் வேறு பல ஜாடைகள் காட்டும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளும். தூக்கம் வராதபோதே கொட்டாவி விடும். தின்பண்டம் எதுவும் இல்லாதபோதே நாக்கால் மூக்கை நக்கும். காதைப் பின்னால் சாய்க்கும். கடைக்கண்ணால் பார்க்கும், கண்ணின் வெள்ளை தெரியும். பிறகு, அசையாமல் விறைத்து நிற்கும்.

இத்தனையும் காட்டி யாரும் கவனிக்கவில்லை என்றால், அப்புறம்தான் உறுமும். அதற்கும் கேட்கவில்லை என்றால் பல்லைக் காட்டும். கடி கடைசியில் வருவது.

நாயின் உடம்பு இப்படிப் பேசுவதை இங்கிலாந்து அறிஞர் சார்லஸ் டார்வின் 1872-ம் ஆண்டில் ஒரு புத்தகத்தில் எழுதினார். கோபம் கொண்ட நாய் எப்படி விறைத்து நிற்கும், எஜமானைக் கண்டு குழையும் நாய் எப்படி வளைந்து நெளியும் என்று படம் போட்டே காட்டினார். 150 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த மொழியை நம் வீடுகளில் இன்னும் பலர் படிக்கவில்லை.

வால் ஆட்டும் நாய் எல்லாம் நட்பான நாய் என்றும் நம்பக் கூடாது. உடம்பு முழுவதும் குழைந்து, வால் தாராளமாக ஆடினால் அது சந்தோஷம். உடம்பு கட்டைபோல் விறைத்திருக்க, வால் மட்டும் மேலே தூக்கி விறைப்பாக ஆடினால், கிட்டே போகாமல் இருப்பதே நல்லது.

சிவப்பு விளக்கை உடைக்கலாமா?

ரயில்வே கேட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. நமக்கோ அவசரம். கோபம் வருகிறது. கல்லை எடுத்து அந்த விளக்கை உடைத்துவிட்டால், ரயில் வராமல் நின்றுவிடுமா?

நாயை அடித்து உறுமலை நிறுத்துவதும் இதே கதைதான்.

உறுமியதும் அடி விழுந்தால் நாய் என்ன கற்றுக்கொள்ளுகிறது? "சத்தம் போட்டால் அடி விழும்" என்பதைக் கற்றுக்கொள்ளுகிறது. ஆனால், உறுமச் செய்த காரணம் அப்படியே இருக்கிறது. வலி போகவில்லை. பயம் போகவில்லை. தடியைக் கண்டு புதிய பயம் ஒன்றும் சேர்ந்துகொள்ளுகிறது.

அடுத்த முறை குழந்தை கிட்டே வரும்போது, நாய் சத்தம் போடாது. தாங்கும் மட்டும் தாங்கும். பிறகு, ஒரே பாய்ச்சல்!

"ஒன்றுமே செய்யவில்லையே! திடீரென்று கடித்துவிட்டதே!" என்று வீட்டார் அழுவார்கள். திடீரென்று அல்ல. அது எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தது. சொன்னதற்காக அடி வாங்கியது. அதனால் சொல்லுவதை நிறுத்திக்கொண்டது.

குரைக்கிற நாய் கடிக்காது என்று ஒரு பழமொழி உண்டு. அதை நம்பி யாரும் கையை நீட்ட வேண்டாம். ஆனால், உறுமுகிற நாய் நமக்கு ஒரு நிமிஷ அவகாசம் தருகிறது. உறுமத் தெரியாத நாய் அதையும் தராது.

உறுமுவது எதனால்?

வீட்டு மனிதர்களிடமே நாய் உறுமுவதற்குச் சில காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம், சோற்றுத் தட்டு.

நாய் சாப்பிடும்போது யாராவது கிட்டே போனால் உறுமும். எலும்பு கிடைத்தால் இன்னும் அதிகம். தன் வாயில் உள்ளதைப் பறித்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் காரணம். காட்டில் வாழ்ந்த அதன் முன்னோருக்கு, கிடைத்ததைக் காத்துக்கொள்ளுவது உயிர்ப் பிரச்னை.

சிலர் நாயைப் பழக்குகிறோம் என்று, அது சாப்பிடும்போது தட்டுக்குள் கையை விட்டுக் கிளறுவார்கள். தட்டைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பார்கள். இது தப்பு. நம் இலையில் ஒருவர் தினமும் வந்து கையை விட்டால் நமக்கு எப்படி இருக்கும்? நாயின் சந்தேகம் உறுதியாகிவிடும்.

சரியான வழி வேறு. நாய் சாப்பிடும்போது தள்ளி நின்று, நல்ல துண்டு ஒன்றைத் தட்டின் பக்கம் போடுங்கள். போட்டுவிட்டுப் போய்விடுங்கள். இப்படிப் பல நாள் செய்தால், "மனிதர் வந்தால் எடுக்க வரவில்லை, கொடுக்க வருகிறார்" என்று அதற்குப் புரியும்.

பாப்பாவின் பொம்மையையோ, அப்பாவின் செருப்பையோ கவ்விக்கொண்டு உறுமுகிறதா? பிடுங்காதீர்கள். பண்டமாற்று செய்யுங்கள். ஒரு பிஸ்கட்டைத் தூரமாகப் போட்டால், செருப்பை விட்டுவிட்டு அதன் பின்னால் போகும். செருப்பும் பத்திரம். கையும் பத்திரம்.

வலி தாங்காமல்...

இரண்டாவது காரணம், நோவு. பலர் நினைத்தே பார்க்காத காரணம் இதுதான்.

பல வருஷம் சாதுவாக இருந்த நாய், தொட்டவுடன் உறுமத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் புத்தி கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். எங்கேயோ வலிக்கிறது.

காதுக்குள் சீழ் இருக்கலாம். பல் சொத்தையாகி, ஈறு வீங்கியிருக்கலாம். விரல் இடுக்கில் உண்ணி கடித்துப் புண்ணாகியிருக்கலாம். வயதான நாய்க்கும் சில பெரிய ஜாதி நாய்களுக்கும் இடுப்பு மூட்டில் வலி வருவது சகஜம். அந்த இடத்தில் பேரன் ஏறி உட்கார்ந்தால், நாய் என்ன செய்யும்? தாத்தாவுக்கு மூட்டு வலி என்றால் தைலம் தேய்க்கிறோம். நாய்க்கு மூட்டு வலி என்றால் தடியைத் தேடுகிறோம்!

வயதான நாய்க்குக் கண்ணும் காதும் மங்கிவிடும். பக்கத்தில் வரும்வரை ஆள் யார் என்று தெரியாது. தெரியாமல் தொட்டால் திடுக்கிட்டு உறுமும்.

ஆகையால், சுபாவம் மாறிய நாயை முதலில் மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். நம் ஊர்ப்பக்கத்தில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் கால்நடை மருத்துவமனையில் நாய்க்கும் வைத்தியம் உண்டு. சென்னை வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

தூக்கமும் சங்கிலியும்

மூன்றாவது, தூக்கம். அயர்ந்து தூங்கும் நாயைத் தொட்டு எழுப்பினால், அது பாதித் தூக்கத்தில் உறுமும். பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புங்கள். தூங்கும் நாயின் மேல் குழந்தை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பயம். பயந்த நாய்க்கு இரண்டு வழிதான். ஒன்று, ஓட வேண்டும். அல்லது எதிர்க்க வேண்டும். சங்கிலியில் கட்டிய நாய் ஓட முடியாது. மூலையில் மடக்கிய நாயும் ஓட முடியாது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்த நாயைக் காலைப் பிடித்து இழுத்தால், அதற்கும் வேறு வழி கிடையாது. அதனால் உறுமுகிறது.

காலை முதல் இரவு வரை வாசலில் கட்டிப்போட்ட நாயைப் பாருங்கள். போகிற சிறுவன் கல் எறிகிறான். வருகிற மாடு முட்டப் பார்க்கிறது. வெயில் ஏறுகிறது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடக்கிறது. மாலையில் நாம் தட்டோடு போகும்போது, அது உறுமினால் ஆச்சரியம் என்ன?

குட்டியாக இருக்கும்போதே இந்தப் பயத்தைப் போக்கலாம். அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இரண்டு அறிஞர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். பிறந்து மூன்று வாரம் முதல் சுமார் மூன்று மாதம் வரை உள்ள காலம் குட்டிக்கு முக்கியமானது என்று கண்டார்கள். அந்தக் காலத்தில் மனிதரோடு அன்பாகப் பழகிய குட்டி, பிறகு மனிதரைக் கண்டு அஞ்சுவது குறைவு. அந்த வயதில் அடி வாங்கி, மூலையில் கிடந்த குட்டிக்கு, பயம் கூடவே வளரும்.

கட்டிப் பிடித்தால் பிடிக்குமா?

ஐந்தாவது காரணம், நம் அன்பேதான்!

குழந்தைகள் நாயைக் கழுத்தோடு கட்டிப் பிடிக்கும். முகத்தோடு முகம் வைக்கும். பெரியவர்கள் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். படத்தை நன்றாகப் பாருங்கள். குழந்தை சிரிக்கிறது. நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. கண்ணின் வெள்ளை தெரிகிறது.

கட்டிப் பிடிப்பது மனிதருக்கு அன்பு. பல நாய்களுக்கு அது பிடித்து மடக்குவதுபோல் இருக்கும். நாய் பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று சிறு குழந்தைகள் நினைத்துக்கொள்ளுவதும் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளிடம் படங்களைக் காட்டி இதைக் கண்டறிந்திருக்கிறார்கள். சிரிக்கிறது என்று நினைத்த குழந்தை என்ன செய்யும்? இன்னும் கிட்டே போகும்!

ஆறாவது, குட்டி போட்ட நாய். அதன் உறுமலுக்கு விளக்கம் தேவை இல்லை. தாய் தாய்தான். சில நாள் குட்டிகளிடம் போகாமல் இருங்கள்.

ஏழாவது, வீட்டில் புதுமை. புது மருமகள் வருகிறார். அல்லது குழந்தை பிறக்கிறது. இதுவரை கூடத்தில் படுத்த நாயைத் திடீரென்று கொல்லைப்புறத்துக்கு விரட்டுகிறோம். நடை இல்லை, பேச்சு இல்லை. அந்தப் புது ஆளைப் பார்க்கும்போதெல்லாம் நாய்க்கு விரட்டு விழுகிறது. புது ஆள் வந்தால் கெடுதல் வரும் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. புது மருமகள் கையாலேயே தினமும் சோறு வைக்கச் சொல்லுங்கள். சில நாளில் அவர் காலடியிலேயே படுத்துக் கிடக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா உறுமலும் எச்சரிக்கை அல்ல. துணியை இழுத்து விளையாடும்போதும் நாய் உறுமும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி, உடம்பு துள்ளினால் அது விளையாட்டு. உடம்பு விறைத்தால் விளையாட்டு முடிந்தது என்று அர்த்தம்.

"தலைக்கு மேல் ஏறிவிடும்!"

"இதெல்லாம் சரி. ஆனால், அடிக்காத நாய் தலைக்கு மேல் ஏறிவிடும். வீட்டுக்குத் தானே எஜமான் என்று நினைத்துக்கொள்ளும். யார் பெரியவர் என்று காட்டத்தான் வேண்டும்" என்று சிலர் சொல்லுவார்கள்.

இந்த எண்ணத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது ஓநாயிலிருந்து வந்தது.

நாயும் ஓநாயும் ஒரே வம்சம். சுவிட்சர்லாந்தில் பேசல் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில், அடைத்து வைத்த ஓநாய்களை ருடால்ப் ஷெங்கல் என்ற அறிஞர் கவனித்து, 1947-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த ஓநாய்கள் தலைமைக்காக ஓயாமல் போட்டியிட்டன என்றார். அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை உலகமெல்லாம் பரப்பியது. ஓநாய் அப்படி என்றால் நாயும் அப்படித்தான், அதை அடக்கித்தான் ஆள வேண்டும் என்று பலர் சொல்லத் தொடங்கினார்கள்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா?

அதே மெக், கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில், காட்டு ஓநாய்களைப் பல கோடைக் காலங்கள் அருகிலிருந்து பார்த்தார். அங்கே தலைமைச் சண்டையைக் காணோம்! ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, பிள்ளைகள். பெற்றோர் வழி காட்டுகிறார்கள். பிள்ளைகள் பின்னால் போகின்றன. ஒன்றுக்கொன்று பழக்கமில்லாத ஓநாய்களை ஓர் அடைப்பில் போட்டதால்தான் அங்கே அந்தச் சண்டை.

1999-ல் மெக் இதை எழுதினார். தம் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். கண்டதைக் கண்டபடி சொன்ன நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

எழுதியவரே கைவிட்ட கருத்தை நாம் தடியோடு பிடித்துக்கொண்டிருப்பது நியாயமா? எலும்பைக் காக்கும் நாய்க்கு வீட்டுப் பட்டாவின் மேல் ஆசை இல்லை. அதற்கு வேண்டியது அந்த எலும்புதான்.

உறுமினால் என்ன செய்வது?

நின்ற இடத்தில் நில்லுங்கள். கத்த வேண்டாம். கண்ணோடு கண் முறைத்துப் பார்க்க வேண்டாம். கையை ஓங்க வேண்டாம். முகத்தைச் சற்றுத் திருப்பி, பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். குழந்தை அருகில் இருந்தால், ஓட விடாமல் அமைதியாக அழைத்துக்கொண்டு போங்கள்.

பிறகு, உட்கார்ந்து யோசியுங்கள். யார் கிட்டே போனார்கள்? எங்கே தொட்டார்கள்? அப்போது நாய் சாப்பிட்டதா, தூங்கியதா, கட்டியிருந்ததா? ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று நாலு முறை எழுதினால் காரணம் கண் முன்னே வந்து நிற்கும். மிருக வைத்தியரிடம் அந்தத் தாளைக் காட்டினால், அவருக்கும் உதவியாக இருக்கும்.

குழந்தைகளுக்கு நாலு பாடம் சொல்லிக்கொடுங்கள். சாப்பிடும் நாயிடம் போகாதே. தூங்கும் நாயைத் தொடாதே. குட்டியோடு இருக்கும் நாயை நெருங்காதே. ஒதுங்கிப் போகும் நாயைத் துரத்தாதே.

பெரியவர்களுக்கு ஒரே பாடம்தான். எவ்வளவு சாதுவான நாயானாலும், சிறு குழந்தையையும் நாயையும் தனியே விட்டுவிட்டு அடுக்களைக்குப் போகாதீர்கள்.

வெறிநோய் ஜாக்கிரதை!

நாயின் சுபாவம் திடீரென்று மாறினால், இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அது வெறிநோயாக இருக்கலாம். காரணம் இல்லாமல் உறுமுவது, கண்டதைக் கடிப்பது, எச்சில் ஒழுகுவது, குரல் மாறுவது, சோறு தண்ணீர் விழுங்க முடியாமல் தவிப்பது, கால் தள்ளாடுவது ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த நாயின் வாய்க்குள் கையை விடாதீர்கள். தனியே அடைத்துவிட்டு, வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

வெறிநோய் மனிதருக்கு வந்து அறிகுறி தெரிந்துவிட்டால், பிழைப்பது மிக மிக அரிது. ஆனால், வருமுன் தடுக்க மருந்து உண்டு. பிரான்சில் லூயி பாஸ்டர் 1885-ல், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தம் மருந்தைப் போட்டார். அந்தப் பையன் பிழைத்தான். அவர் பெயரால் நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் நடந்து வருகிறது.

ஆகவே, சொந்த நாய் கடித்தாலும், பல் பட்டுச் சிறு கீறல் ஆனாலும் அசட்டையாக இருக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பிப் பொடி எதுவும் அப்ப வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். வயிற்றைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். டாக்டர் சொன்ன தேதிகளில் தவறாமல் போய் எல்லா ஊசியையும் போட்டுக்கொள்ள வேண்டும். காயம் ஆழமானால், காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டியிருக்கும்.

வெறிநாய் என்று சந்தேகிக்கும் பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் 100-க்கு 40 பேர், 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் தடுப்பு ஊசி போடுங்கள். பிறகு, வைத்தியர் சொல்லும் தவணைப்படி வருஷா வருஷம் போட்டு வாருங்கள். நாய்க்குப் போடும் ஒரு ஊசி, வீட்டில் எல்லோருக்கும் காவல்.

குழந்தை பெரிதா, நாய் பெரிதா?

"அப்படியானால், என் குழந்தையைவிட நாய் பெரிதா?" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி.

குழந்தைதான் பெரிது. அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் அடிக்காதீர்கள் என்கிறேன். அடி வாங்கி ஊமையான நாயைவிட, "தள்ளிப் போ" என்று சொல்லத் தெரிந்த நாயிடம் குழந்தைக்கு ஆபத்து குறைவு.

உறுமலைக் கண்டும் காணாமல் விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை, குழந்தைக்கும் நாய்க்கும் நடுவே ஒரு கதவு இருக்கட்டும். சில நாய்கள் சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு ஒத்து வராமல் போவதும் உண்டு. ஒரு முறை கடித்துவிட்ட நாயானால், மிருக வைத்தியரின் யோசனை கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். குழந்தைகள் இல்லாத, நாயைப் பற்றித் தெரிந்த வேறு குடும்பத்துக்கு, உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடுப்பது தப்பு இல்லை.

தப்பு எது? ராத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருவதுதான்.

அந்த நாய் வண்டியின் பின்னாலேயே ஓடி வரும். பிறகு, பசியும் பயமுமாகத் தெருவில் திரியும். நம் குழந்தைக்கு வர இருந்த ஆபத்தை, அடுத்த தெருக் குழந்தையின் தலையில் கட்டிவிட்டோம். இதுவா தீர்வு?

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. பிராணியை அடிப்பது, கனமான குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது, எப்போதும் கட்டியிருக்கும் நாயை நடக்க விடாமல் வைத்திருப்பது, தகுந்த காரணம் இன்றிப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது ஆகியவை அந்தச் சட்டப்படி குற்றம். ராஜ்ய சபையில் இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று வாதாடியவர். நடனக் கலைக்காக நாம் போற்றும் அந்த அம்மையார், 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவராகவும் இருந்தார்.

சட்டம் இருக்கிறது. ஆனால், வீட்டுக் கூடத்தில் நடப்பதை எந்தப் போலீஸ்காரரும் வந்து பார்க்க முடியாது. வீட்டில் உள்ளவர்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். உங்கள் வீட்டு நாயை அரை மணி நேரம் தள்ளி இருந்து கவனியுங்கள். எப்போது காதைச் சாய்க்கிறது, யாரைக் கண்டு முகத்தைத் திருப்புகிறது, எங்கே தொட்டால் விலகுகிறது என்று குழந்தைகளையும் கூட்டி வைத்துக் காட்டுங்கள். சங்கிலி குட்டையா, தண்ணீர்ச் சட்டி நிறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று சீட்டைத் தேடி எடுங்கள்.

மூலையில் இருக்கும் அந்தத் தடி, கொடியில் துணி எடுக்க உதவட்டும்.